பதினொரு மீட்டர்

எங்கள் ஃபுட்பால் கிளப்பில் கோலில் நிற்பது என் வேலை. மைதானத்துக்குக் கோடு போடுவதும் என் வேலைதான். பதினெட்டு வருஷம் இரண்டையும் செய்தேன். கோலில் நின்று விட்ட பந்துகளை ஊர் மறந்துவிட்டது. கோடு போட்டதில் செய்த தப்பை யாரும் மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை.

சங்கரன்கோவிலில் எங்கள் கிளப்பில் பாதிப் பேர் விசைத்தறி ஓட்டுகிறவர்கள். மீதிப் பேர் கொத்தனார், லோடு ஆட்டோ, மளிகைக் கடை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆட்டம். லீக்கில் மொத்தம் ஏழு கிளப். நாங்கள், புளியங்குடி, கடையநல்லூர், பனவடலிசத்திரம், இன்னும் மூன்று ஊர். ஒவ்வொரு ஊரோடும் நம் மைதானத்தில் ஒரு தடவை, அவர்கள் மைதானத்தில் ஒரு தடவை. ஜெயித்தால் மூன்று பாயிண்ட். சமமாக முடிந்தால் ஒன்று. கடைசியில் யாருக்கு பாயிண்ட் அதிகமோ அவர்களுக்குக் கப்.

பெரிய லீக் இல்லை. ஆனால் ஒழுங்கான லீக். புளியங்குடிக்காரர்கள், தாங்கள் ஆடாத ஆட்டத்துக்கும் ஒரு பை எலுமிச்சம்பழம் பஸ்ஸில் கொடுத்துவிடுவார்கள். இடைவேளையில் அறுத்து உப்புத் தொட்டுச் சப்புவோம். கடையநல்லூர் அணியில் பாதிப் பேருக்கு வளைகுடாவில் வேலை. லீவுக்கு யார் வந்திருக்கிறார்களோ அவர்கள்தான் அணி. அதனால் அவர்களோடு ஆடப்போகும்போது எதிரில் யார் நிற்பார்கள் என்று தெரியாது. போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

எங்கள் மைதானம் ஊருக்கு மேற்கே. கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா சமயத்தில் வண்டிகளை நிறுத்துவார்கள், கடை போடுவார்கள். எல்லாம் முடிந்து பார்த்தால் ஒரு கோடும் இருக்காது. வருஷா வருஷம் புதிதாக அளந்து சுண்ணாம்பு போட வேண்டும். லீக்கில் சேர்ந்த வருஷம் பள்ளிக்கூடத்து பி.டி. வாத்தியார் ஒருவரிடம் அளவு கேட்டு வந்தேன். கோலுக்கும் பெனால்டி புள்ளிக்கும் பதினொரு மீட்டர். கோலுக்கு முன்னால் போடுகிற பெரிய பாக்ஸ் பதினாறரை. ஒரு நைலான் கயிறு வாங்கி, நான் தறி ஓட்டுகிற பட்டறையில் துணி மடிக்கிற மேசையில் மீட்டர் கட்டையை வைத்து அளந்தேன். பதினொன்றில் ஒரு முடிச்சு, பதினாறரையில் ஒரு முடிச்சு. அதற்குப் பிறகு யாரையும் அளவு கேட்கவில்லை. அந்தக் கயிற்றை வேறு யாரும் தொட விட்டதும் இல்லை.

எங்கள் மைதானத்தில் பெனால்டி அடிக்க வருகிறவர்களுக்கு கோல் விழாது. மேலே போகும், கம்பத்தில் படும், என் கையில் வந்து விழும். எங்கள் ஆட்கள் மற்ற ஊருக்குப் போய் அடித்தால் உள்ளே போகும். பெனால்டி கிளப் என்றே எங்களுக்குப் பெயர். ஒன்றிரண்டு பேர், உங்க ஊர்ல கோலு தள்ளித் தெரியுதுவே என்று சொல்லியிருக்கிறார்கள். பயத்தில் அப்படித்தான் தெரியும் என்று நான் பதில் சொல்லுவேன். கேட்டவர்கள் சிரிப்பார்கள். எனக்கும் பெருமையாக இருக்கும்.

அந்த வருஷம் கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில், கடையநல்லூரோடு. எங்களைவிட இரண்டு பாயிண்ட் அதிகம் அவர்களுக்கு. சமமாக முடிந்தாலே கப் அவர்களுக்கு. நாங்கள் ஜெயித்தால்தான் எங்களுக்கு. லீக்கில் சேர்ந்ததிலிருந்து நாங்கள் ஒரு தடவைகூட கப் வாங்கியதில்லை.

எங்கள் கேப்டன் தறி மெக்கானிக். கட்டையான ஆள், கோபக்காரர். இடைவேளைக்கு முன்னால் தூரத்திலிருந்து ஒரு கோல் போட்டார். ஒன்று பூஜ்யம். முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது, கோலுக்கு நேர் முன்னால், எங்கள் ஆள் கையில் பந்து பட்டது. பெனால்டி.

அடிக்க வந்தது கடையநல்லூர்த் தம்பி ஒருவர். துபாயில் ஏசி மெக்கானிக். மறுநாள் ஃபிளைட். அவர் எனக்கு இடது பக்கமாக அடித்தார். நான் இடது பக்கம் விழுந்தேன். இரண்டு விரல் நுனி பட்டது. பந்து கம்பத்துக்கு வெளியே போனது. கொஞ்ச நேரத்தில் ஆட்டம் முடிந்தது என்று விசில் ஊதிவிட்டார்கள்.

என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மெயின் ரோடு வரை போனார்கள். நான் பந்தைத் தடுத்ததை என் மச்சினன் போனில் வீடியோ எடுத்திருந்தான். பதினொரு செகண்ட். அந்தப் பதினொரு செகண்ட் எங்கள் ஊரில் எத்தனை போனில் ஓடியது என்று எனக்குத் தெரியாது. பட்டறை முதலாளி, துணி எடுக்க வரும் வெளியூர் வியாபாரிகளிடம் என்னைக் காட்டி, அந்தப் பந்த பிடிச்சது இவருதான் என்பார். நான் தறியை நிறுத்த மாட்டேன். ஆனால் காதில் விழும்.

நான் வாழ்க்கையில் பெரிதாக ஒன்றும் செய்ததில்லை. இதைச் செய்தேன்.

ஒரு மாதம் கழித்து மைதானத்தை ஒட்டி வாய்க்கால் எல்லை அளக்க சர்வேயர் வந்தார். இரும்பு டேப்போடு வந்திருந்தார். வேலை முடிந்து டீ குடிக்கும்போது நான் அவரிடம் போனேன். கோடு போடுகிறவன் நான்தான் என்றேன். என் பாக்ஸை அளந்து பாருங்கள், ஒரு இஞ்ச் வித்தியாசம் இருந்தால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்றேன். பெருமைக்காகத்தான் கேட்டேன். வேறு ஒன்றும் இல்லை.

கோல் கோட்டில் நுனியை நான் பிடித்தேன். அவர் புள்ளியில் உட்கார்ந்து பார்த்தார்.

"பதினொண்ணு எழுபத்தாறு" என்றார்.

திரும்பவும் பார்க்கச் சொன்னேன். பார்த்தார்.

"ஏன் அண்ணாச்சி, ஒங்க ஊர்ல மீட்டருக்கு எத்தன சென்டி?"

பெரிய பாக்ஸையும் அளந்தார். அதுவும் அதே கணக்கில் கூடுதல். அவர் மீசையைக் கேட்கவில்லை. டேப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

எங்கே தப்பு என்று நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அங்கேயே தெரிந்துவிட்டது. தறியில் துணி இழுபட்டு நிற்கும். இறக்கினால் சுருங்கும். அதனால் மீட்டருக்கு நாலு விரல் கூடுதலாக விட்டு நெய்வோம். பத்து வயதிலிருந்து கைக்குப் பழகியது அது. அன்றைக்கு மேசையில் கயிற்றை அளந்தபோதும் ஒவ்வொரு மீட்டருக்கும் நாலு விரல் விட்டிருக்கிறேன். கயிறு மழையில் நனையும், சுருங்கும் என்று மனதில் சொல்லிக்கொண்டே விட்டேன். அதுவும் ஞாபகம் இருக்கிறது. நைலான் சுருங்காது. பாக்ஸ் எல்லாமே ஒரே கணக்கில் பெரிதாகிவிட்டதால் பார்க்கிறவர் கண்ணுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கோல் மட்டும் வெல்டிங் பட்டறையில் செய்தது. அது சரியான அளவு.

அன்று மச்சினன் போனை வாங்கி அந்தப் பதினொரு செகண்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். முக்கால் மீட்டர் தூரம் கடக்க பந்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியாது. என் கையில் இரண்டு விரல் மட்டும்தான் பட்டது. அது தெரியும்.

ஒரு வாரம் யாரிடமும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரி பட்டறையில் தார்க் கட்டையில் நூல் சுற்றுகிறவள். சோறு ஏன் இறங்கவில்லை என்று கேட்டாள். சொன்னேன். நாலு விரல் விட்டதைச் சொன்னதும் சிரித்துவிட்டாள்.

"நானா இருந்தா அஞ்சு விரல் விட்டிருப்பேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தத் தம்பிட்ட சொல்லணும்லா" என்றாள்.

முதலில் கேப்டனிடம் போனேன். அவர் ஒரு தறிக்கு அடியில் படுத்து போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தார். கால் மட்டும் வெளியே தெரிந்தது. காலிடம்தான் சொன்னேன்.

"யாருக்கெல்லாம் தெரியும்?" என்றார் அடியிலிருந்து.

"எனக்கு, என் வீட்டுக்காரிக்கு, ஒமக்கு."

"சர்வேயருக்கு?"

"அவருக்கு ஃபுட்பால் தெரியாது."

"பொறவு என்னவே. கயித்தத் தூரப் போட்டுட்டுப் புதுசா அள. முடிஞ்சுது."

"கப்பு?"

அவர் வெளியே வந்தார். முகமெல்லாம் கிரீஸ்.

"அந்தக் கோலு நான் போட்டது. நாப்பது வயசுல, முட்டு வலியோட போட்டது. அது எத்தன மீட்டருன்னு எவன் அளந்தான்? நீரு நாலு விரல் விட்டதுக்கு என் கோலையும் சேத்துக் கழிப்பீரோ?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நாளைக்குக் கடையநல்லூர் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் மறுபடியும் தறிக்கு அடியில் போய்விட்டார். அதற்குப் பிறகு ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. எதிரில் பார்த்தாலும் பேசவில்லை.

கடையநல்லூரில் அந்தத் தம்பியின் அண்ணன் ஜவுளிக்கடை வைத்திருந்தார். அவர்தான் அவர்கள் கிளப்பைப் பார்த்துக்கொள்கிறவர். டீ வரவழைத்தார். நான் குடிக்காமல் விஷயத்தைச் சொன்னேன். அவர் போனை எடுத்து துபாய்க்கு வீடியோ கால் போட்டு என் கையில் கொடுத்தார்.

தம்பி நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"எத்தன சென்டி அண்ணாச்சி?"

"எழுபத்தாறு."

"எங்க ரூம்ல என்கூட எட்டு பேரு. எட்டு பேரும் அந்த வீடியோவ வச்சு என்னய ஓட்டாத நாள் இல்ல" என்றார். பிறகு போனை அந்தப் பக்கம் திருப்பி, "ஏலே, எல்லாவனும் இங்க வாங்கலே" என்று கூப்பிட்டார். நான் எட்டுப் பேரிடமும் முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று.

கடைசியில் தம்பி சொன்னார். "கப்பெல்லாம் இருக்கட்டும். இன்ஷா அல்லாஹ், லீவுல வாரேன். அதே எடத்துல நீங்க நில்லுங்க. நான் சரியான தூரத்துல இருந்து ஒருக்க அடிக்கணும்."

லீக் மீட்டிங் புளியங்குடியில் எலுமிச்சை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் நடக்கும். செயலாளர் தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லா விதியும் அவர் கையில் இருக்கும் ஒரு நீள நோட்டில்தான். நான் எழுந்து நின்று சொல்லி முடித்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"தோத்தவன் மூணு நாளைக்குள்ள புகார் எழுதிக் குடுக்கலாம். ஜெயிச்சவன் குடுக்கதுக்கு நோட்டுல எடம் இல்லய்யா."

"எடம் போட்டுக் குடுங்க" என்றேன்.

புளியங்குடி கிளப்பின் ஆள் எழுந்தார். ஒரு மைதானத்தை அளக்க ஆரம்பித்தால் எல்லாவற்றையும் அளக்க வேண்டி வரும், தங்கள் ஊர்க் கோல் ஒரு பக்கம் மண்ணில் இறங்கிக் கிடப்பதை இப்போது எதற்குக் கிளற வேண்டும் என்றார். யாரும் அதைக் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். கொட்டகை முழுக்கச் சிரிப்பு. பனவடலிசத்திரம் ஆள் விவசாயி. தங்கள் மைதானம் ஒரு பக்கம் சரிவு என்றும், அது மழைத் தண்ணீர் போவதற்கு நல்லது என்றும் சொன்னார்.

அந்த விவசாயிதான் வழியும் சொன்னார். ஆட்டம் முழுவதையும் திரும்ப ஆட வேண்டாம். கெட்டது அந்த ஒரு அடி. அதை மட்டும் திரும்ப அடிக்கட்டும். உள்ளே போனால் ஒன்றுக்கு ஒன்று, கப் கடையநல்லூருக்கு. போகாவிட்டால் கப் இருக்கிற இடத்தில் இருக்கட்டும்.

எல்லோரும் எங்கள் கேப்டனைப் பார்த்தார்கள். அவர் கடைசி பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேண்டாம் என்று அவர் சொன்னால் அதோடு முடிந்தது.

"அதே ஆளு அடிக்கணும்" என்றார். "இவருதான் நிக்கணும்."

செயலாளர் அதை நோட்டில் எழுதினார்.

தம்பிக்கு லீவு கிடைக்க ஏழு மாதம் ஆனது. அதுவரை கப் செயலாளர் வீட்டில் டி.வி. பக்கத்தில் இருந்தது. நான் இரும்பு டேப் ஒன்று வாங்கிப் புள்ளியைச் சரியான இடத்தில் வைத்தேன். தினமும் சாயங்காலம் ஷிப்ட் முடிந்து எங்கள் ஆட்களை அங்கிருந்து அடிக்கச் சொன்னேன். பந்து வேறு மாதிரி வந்தது. நான் நினைப்பதற்குள் பந்து என்னைத் தாண்டிவிடும். முதல் வாரம் ஒன்றும் பிடிக்கவில்லை. மூன்றாவது மாதம் பத்துக்கு இரண்டு பிடித்தேன். எனக்கு அப்போது நாற்பத்திரண்டு. கேப்டன் ஒரு நாள் வந்தார். பந்தை வைத்து அடிக்க ஆரம்பித்தார். அதற்குப் பிறகு தினமும் வந்தார்.

ஒரே ஒரு அடிக்காக ஏழு ஊரிலிருந்தும் ஆள் வந்தார்கள். அப்படி ஒரு கூட்டத்தை எங்கள் மைதானத்தில் நான் பார்த்ததில்லை. முதலில் எல்லோர் முன்னாலும் அளக்க வேண்டும் என்று செயலாளர் சொன்னார். நான் கோல் கோட்டில் நுனியைப் பிடித்தேன். தம்பி புள்ளியில் குனிந்து பார்த்தார்.

"பதினொண்ணு" என்றார்.

"சென்டியப் பாரும் தம்பி."

"சைபர் அண்ணாச்சி."

"நல்லாப் பாரும்."

"சைபர்தான்."

சுண்ணாம்பு எடுத்துப் புள்ளியை நானே வைத்தேன். திரும்பி நடந்து கோலில் போய் நின்றேன். புளியங்குடியிலிருந்து வந்த நடுவர் விசில் ஊதினார்.

தம்பி அதே பக்கம்தான் அடிப்பார் என்று எனக்குத் தோன்றியது. நான் இடது பக்கம் விழுந்தேன். பந்தும் அங்கேதான் வந்தது. இந்தத் தடவையும் இரண்டு விரல் பட்டது. பந்து நிற்கவில்லை. கம்பத்தின் உள்பக்கம் பட்டு வலைக்குப் போனது.

தம்பி ஓடி வந்து என்னைத் தரையிலிருந்து தூக்கினார்.

கேப்டன் செயலாளர் கையிலிருந்த பையை வாங்கி, கப்பை வெளியே எடுத்து, அவரே நடந்து போய் அவர்கள் கையில் கொடுத்தார். கை குலுக்கினார். என்னிடம் வந்தார்.

"விரலு பட்டுதுல்லா?"

"பட்டுது."

"எனக்குத் தெரிஞ்சுது" என்றார். அதோடு விட்டுவிட்டார். அந்த ஆள் அவ்வளவு சொன்னதே பெரிது.

அந்த இரண்டாவது பந்தையும் யாரோ போனில் எடுத்திருந்தார்கள். அது அவ்வளவாக ஓடவில்லை. கோல் விழுந்ததை எங்கள் ஊரில் யார் பார்ப்பார்கள்? என் போனில் இருக்கிறது. முதல் வீடியோவை நான் இப்போது பார்ப்பதில்லை. இதைத்தான் பார்க்கிறேன். அளவான தூரத்திலிருந்து, அந்தத் தம்பி தன் பலத்தையெல்லாம் சேர்த்து அடித்த பந்து. அதில் என் கை பட்டிருக்கிறது. அதைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

அடுத்த லீக் தொடங்குவதற்கு முன்னால் ஜவுளிக்கடை அண்ணன் போன் செய்தார். எங்க மைதானத்தையும் ஒருக்க அளந்து தாங்க அண்ணாச்சி என்றார். டேப்போடு போனேன். அவர்கள் புள்ளி பத்தே முக்காலில் இருந்தது. கால் மீட்டர் குறைவு. யாரோ நடந்து காலடியால் அளந்து வைத்தது. சொன்னேன். அண்ணன் தலையில் கை வைத்தார். இங்கே கிட்ட இருந்து பழகி, அங்கே தள்ளி இருந்து அடித்தால் எப்படிப் போகும் என்று அவரே சொல்லிக்கொண்டார். சரியான இடத்தில் புதுப் புள்ளி வைத்துவிட்டு, பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

பிறகு புளியங்குடி கூப்பிட்டது. இறங்கிக் கிடந்த கோலைத் தோண்டி எடுத்து நிமிர்த்தினோம். பனவடலிசத்திரத்தில் சரிவை ஒன்றும் செய்ய முடியவில்லை, கோடுகளை மட்டும் சரி செய்தேன். இப்படி ஏழு ஊரும் முடிந்தது. இப்போது எந்த ஊரில் பெனால்டி அடித்தாலும் பதினொன்றுதான்.

செயலாளர் அதற்கு நோட்டில் புது விதி எழுதினார். வருஷம் முதல் ஆட்டத்துக்கு முன்னால் எல்லா மைதானத்தையும் இரும்பு டேப்பால் அளக்க வேண்டும், அளக்க வேண்டியது சங்கரன்கோவில் கோல்கீப்பர் என்று எழுதி, எனக்குப் படித்துக் காட்டினார். ஏழு கிளப்பும் கையெழுத்துப் போட்டார்கள்.

போன வருஷத்தோடு நான் ஆடுவதை நிறுத்திவிட்டேன். கோலில் இப்போது வேறு ஆள் நிற்கிறார். நல்ல உயரம், நல்ல கை. விதிப்படி அவர்தான் அளக்கப் போக வேண்டும். இந்த வருஷமும் ஏழு ஊரிலிருந்தும் போன் எனக்குத்தான் வந்தது. நோட்டில் எழுதியிருப்பதைச் செயலாளரிடம் சொன்னேன்.

"அதுல எழுதியிருக்கது நீருதான்யா" என்றார்.

டேப்பை எடுத்துக்கொண்டு புளியங்குடி பஸ் ஏறினேன்.